இரவு ஆட்டமும் எட்டு லைற் கம்பமும்

கன நாளாக இந்தப் பக்கம் ஒன்றும் எழுதவில்லை. காரணம் கேட்காதீர்கள், வேலைதான். குசினியில் ஆள் குறைந்தால் முதலில் குறைவது என்னுடைய நித்திரை, இரண்டாவது இந்த எழுத்து.

ஒரு திங்கட்கிழமை பின்னேரம் (எனக்குக் கிழமையில் ஒரு நாள் லீவு, அது திங்கள்) எங்கள் வரிசையில் நாலு வீடு தள்ளி இருக்கும் அண்ணர் கதவைத் தட்டினார். கையில் ஒரு கடுதாசி, ஒரு பேனை.

"தம்பி, இதில ஒரு கையெழுத்து வையும். பின்னால பள்ளிக்கூடக் கிரவுண்டுக்குப் புது லைற் போடப் போறாங்களாம். எட்டுக் கம்பம். ஒவ்வொண்டும் 15 மீற்றராம். இரவு பத்து மணி மட்டும் எரியுமாம். நாங்கள் நித்திரை கொள்ளுறேல்லையோ?"

நான் வேலை முடிந்து வீட்டுக்கு வருவது இரவு ஒரு மணிக்கு. பத்து மணிக்கு அணையும் லைற் என் நித்திரையை என்ன செய்யும் என்று கேட்க வாய் வந்தது. ஆனால் அவர் எனக்கு மூத்தவர், முழங்கால் வருத்தக்காரர், விடிய நாலரைக்கு எழும்பி வேலைக்குப் போகிறவர். "வாசிச்சுப் போட்டுத் தாறன் அண்ணை" என்று வாங்கி வைத்தேன். கடுதாசி குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தோடு ஒட்டிக்கொண்டு மூன்று கிழமை இருந்தது.

அந்த மைதானத்தில்தான் என் மகன் புதன்கிழமைகளில் உதைபந்து விளையாடுகிறான். வயது பதின்மூன்று. பின்னேரம் ஏழு மணிக்குத் தொடங்கும். ஏழு மணி என்றால் ரூற்றிங்கில் எங்கள் கடையில் முதல் கொத்துரொட்டிச் சத்தம் தொடங்கும் நேரம். இரண்டு வருடமாக அவன் விளையாடுகிறான். நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

ஆகவே லைற் கம்பம் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்தவன், முடிக்காதவன். முடிக்காதவனுக்குத்தான் இப்படியான வியாதி கூட. வாசிக்க வாசிக்க வந்ததெல்லாம் அமெரிக்கா. அங்கே ஒவ்வொரு கல்லூரியாகத் தங்கள் பேஸ்போல் அரங்கின் பழைய விளக்குகளைக் கழற்றி எல்.ஈ.டி போடுகிறார்கள். பேஸ்போல் தெரியாதவர்கள் எங்கட 'எல்லே' விளையாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தடியால் அடித்துவிட்டு வட்டமாக ஓடிவருவது. ஆனால் எல்லேயை இராத்திரியில் ஆடி நான் கண்டதில்லை. பேஸ்போலில் பந்து எறிபவனுக்கும் அடிப்பவனுக்கும் இடையில் அறுபதரை அடி. நல்ல கல்லூரிப் பெடியன் மணிக்கு 90 மைல் வேகத்தில் எறிந்தால் அரை செக்கனுக்குள் பந்து வந்துவிடும். அதை இருட்டில் ஆடுவதென்றால் வெளிச்சம் பகிடியான விசயம் இல்லை. முழுநிலவு தரும் வெளிச்சம் கால் லக்ஸ் அளவு. ரீவிக்காரர் வரும் கல்லூரி அரங்கில் ஆயிரம் லக்ஸை ஒட்டிக் கேட்கிறார்கள். நாலாயிரம் நிலவு!

ஏன் இரவில் ஆடவேண்டும்? பகலில் சூரியன் சும்மாதானே எரிகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் 1878 வரை போனேன்.

அந்த வருடம் ஒக்ரோபர் 14 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில், பிரமால் லேன் மைதானத்தில், நாலு மூலையிலும் மரக்கோபுரம் கட்டி, வில்விளக்கு ஏற்றி உதைபந்தாட்டம் நடத்தினார்கள். எடிசனின் குமிழ் விளக்கு வெளிவருவதற்கு ஒரு வருடம் முந்தி. கரித்துண்டு இரண்டுக்கு இடையில் மின்னைப் பாயவிட்டு எரிக்கும் விளக்கு அது. மின்சாரத்துக்கு நீராவி எஞ்சினால் சுழலும் டைனமோ. ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்களைவிட விளக்கைப் பார்க்க வந்தவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். நானாக இருந்தால் விளக்கைத்தான் பார்த்திருப்பேன். இரண்டு வருடம் கழித்து, 1880 செப்ரெம்பர் 2 அன்று, அமெரிக்காவில் பொஸ்ரனுக்குப் பக்கத்திலுள்ள நன்ராஸ்கெற் கடற்கரையில் பேஸ்போல். ஆடியவர்கள் இரண்டு துணிக்கடைகளின் வேலையாட்கள். மூன்று கோபுரத்தில் விளக்கு. 16க்கு 16 என்று சமநிலை. கடைசி வள்ளத்துக்கு நேரமாகிவிட்டது என்று ஆட்டத்தை முடித்துக்கொண்டு ஓடினார்களாம். கடைச் சிப்பந்திகள், இரவு, கடைசி வள்ளம்! கடைசி பஸ்ஸுக்கு ஓடும் எனக்கு அந்த மனிதர்களை நேரில் தெரிந்தமாதிரி இருந்தது.

டைனமோ என்றதும் என்னுடைய வயதுக்காரருக்கு ஒரு ஞாபகம் வரும். எங்கட ஊர் சுன்னாகம். குடாநாட்டுக்கே மின்சாரம் தந்த மின்நிலையம் இருந்த ஊர். 1990 ஜூனில் திரும்பச் சண்டை தொடங்கியபிறகு அந்த ஊரிலேயே கறண்ட் இல்லை. எனக்கு ஒன்பது வயது. ஜாம் போத்தலுக்குள் ஒரு சின்ன மருந்துப் போத்தலை வைத்து, அதற்குள் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் விட்டுத் திரி ஏற்றுவோம். வெளிப்போத்தல் காற்றுக்கு மறைப்பு. மண்ணெண்ணெய் விலையில் அதற்குமேல் விளக்கு வைக்க ஏலாது. அந்த விளக்கில்தான் என் தலைமுறை முழுக்கப் படித்தது. பற்றரியும் தடை. ஆகவே றேடியோவுக்குச் சைக்கிள் டைனமோ. சைக்கிளைக் கவிட்டு வைத்துப் பெடலைக் கையால் சுற்றவேண்டும். ஒருவர் சுற்ற, பத்துப்பேர் கேட்போம்.

1996 மார்ச் 17, லாகூரில் உலகக்கிண்ண இறுதியாட்டம். பகலில் தொடங்கி இரவு லைற்றில் முடிந்தது. நாங்கள் 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் வந்து, தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் கொட்டில் போட்டு இருந்தோம். இலங்கை அணி வெல்வதில் எங்களுக்கு என்ன சந்தோசம் என்று கேட்ட பெரியாட்களும் இருந்தார்கள். பெடியங்கள் நாங்கள் கேட்காததுபோல் சுற்றிக்கொண்டிருந்தோம். அரவிந்த டி சில்வா 107 ஓட்டம், ஆட்டமிழக்கவில்லை. வானொலியில் சொன்னவர் லாகூர் வெளிச்சத்தில் பனி மின்னுகிறது, பந்து வழுக்குகிறது, வோனுக்குச் சுழற்றக் கஷ்டமாக இருக்கிறது என்றார். நான் சுற்றிக் களைத்து வேகம் குறைய அவருடைய குரலும் இழுபட்டுக் குறைந்தது. "டேய் சுத்தடா!" என்று பத்துப்பேரும் கத்தினார்கள். அங்கே கோபுரம் கோபுரமாக விளக்கு. இங்கே அந்த விளக்கைப் பற்றிய செய்தியைக் கேட்க ஒரு பெடல். இன்றைக்கும் அரங்க விளக்கு என்றால் எனக்கு முதலில் கையில் ஒரு நோவுதான் வரும்.

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். 1880க்குப் பிறகு ஐம்பது வருடம் இரவுப் பேஸ்போல் ஒரு வேடிக்கையாகவே கிடந்தது. அதை வயிற்றுப்பாடாக மாற்றியவர்கள் கறுப்பின ஆட்டக்காரர்கள். பெரிய லீக்குகள் அவர்களைச் சேர்க்காத காலம் அது. கன்சாஸ் சிற்றி மொனார்க்ஸ் என்று ஒரு அணி, உரிமையாளர் ஜே. எல். வில்கின்சன். 1930 ஏப்ரலில் கம்பங்களையும் விளக்குகளையும் லொறிகளில் ஏற்றி, ஜெனரேற்றரையும் இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் இரவில் ஆடத் தொடங்கினார்கள். வெளிச்சம் போதாது. உயர அடித்த பந்து விளக்குக்கு மேலே போய் இருட்டில் காணாமல் போகும். ஜெனரேற்றர் இரைச்சலில் ஒருவர் கத்துவது மற்றவருக்குக் கேட்காது. ஆனாலும் சனம் வந்தது. பொருளாதாரம் விழுந்து கிடந்த நேரம். பகல் முழுக்க வேலை செய்தவன், அல்லது பகல் முழுக்க வேலை தேடி அலைந்தவன், இரவில்தானே வரமுடியும்?

பெரிய லீக்காரர்கள் இதைப் பார்த்து முதலில் சிரித்தார்கள். பேஸ்போல் சூரியனுக்குக் கீழே ஆடவேண்டிய ஆட்டம் என்றார்கள். பகல் மூன்று மணிக்கு வேலையை விட்டுவிட்டு வந்து பார்க்கக்கூடியவர்களின் கதை அது. ஐந்து வருடம் கழித்து காசு கதைத்தது. 1935 மே 24, சின்சினாற்றியின் குரொஸ்லி மைதானம். 632 விளக்கு. ஜனாதிபதி ரூஸ்வெல்ற் வாஷிங்டனில் வெள்ளை மாளிகையில் இருந்தபடி ஒரு விசையை அழுத்த, சின்சினாற்றியில் வெளிச்சம் வந்தது. 20,422 பேர் வந்திருந்தார்கள். சின்சினாற்றி 2க்கு 1 என்று வென்றது. லொறியில் கம்பம் கட்டிக்கொண்டு போன மொனார்க்ஸை அன்றைக்கு எத்தனைபேர் நினைத்தார்களோ தெரியாது. முதலில் செய்பவன் ஒருவன், விசை அழுத்துபவன் இன்னொருவன்.

அடுத்த வருடம் ஹிட்லரின் பேர்லின் ஒலிம்பிக். 1936 ஓகஸ்ற் 12 இரவு, அந்தப் பெரிய அரங்கில் ஒரு காட்சி ஆட்டமாகப் பேஸ்போல் நடந்தது. ஆடியவர்களில் கனபேர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள். அமெரிக்கர்களே இரண்டு அணியாகப் பிரிந்து ஆடினார்கள். தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட சனம், ஆட்டத்தின் விதி தெரியாத சனம், அரைகுறை வெளிச்சத்தில் இருந்து பார்த்தது. மைதான விளக்கு பேஸ்போலுக்காகப் போட்டதல்ல. பந்து உயரப் போனால் தெரியாது.

இப்போது மிச்சத்துக்கு வருகிறேன். (ஊர்ப்பெயரைப் பார்த்துப் பகிடி விடுகிறவர்களுக்கு: ஓம், மிச்சம்தான். ஊரிலிருந்து மிஞ்சி வந்தவர்கள் இருக்கும் இடத்துக்கு வேறு என்ன பெயர்?) இங்கே பத்து வருடத்துக்கு மேல் இருந்தும் எனக்குத் தெரியாமல் இருந்த விசயம் ஒன்று. அதே 1936இல் மிச்சத்துக்கு ஒரு பேஸ்போல் அணி இருந்திருக்கிறது! ஸ்ரெதம் அன்ட் மிச்சம் ஜயன்ற்ஸ். அந்த வருடம் லண்டனில் ஒரு பேஸ்போல் லீக் தொடங்கினார்கள். வெஸ்ற்ஹாம், வைற் சிற்றி, ஹக்னி, ஹரிங்கே, றொம்போட், கற்போட் என்று அணிகள், அவற்றோடு எங்கட மிச்சம். கனடாவிலிருந்தெல்லாம் ஆட்டக்காரரை இறக்கினார்கள். இங்கே சாண்டி லேனில் மிச்சம் ஸ்ரேடியம் என்று ஒன்று 1935இல் திறந்திருந்தார்கள். றக்பி லீக் அணி ஒன்றும் அங்கே இருந்தது. நியூசிலாந்தின் பெயர்பெற்ற மாவோரி ஆட்டக்காரர் ஜோர்ஜ் நேப்பியாவை 1935 கடைசியில் கொண்டுவந்து ஆடவைத்தார்கள். றக்பி அணி 1937இல் கலைந்தது. பேஸ்போலும் லண்டனில் நிலைக்கவில்லை, யுத்தம் வந்து மிச்சத்தையும் துடைத்துவிட்டது.

அந்தக் காலத்து லண்டன் அரங்குகள் கனக்க நாய்ப்பந்தயத்துக்காகக் கட்டினவை. நாய்ப்பந்தயம் இங்கிலாந்துக்கு வந்தது 1926இல். அது பெரும்பாலும் இரவு விளையாட்டு, வேலை முடித்த தொழிலாளியின் விளையாட்டு. குதிரைப் பந்தயம் பகலில் நடக்கும், அதற்கு ஆறுதலாகப் போகக்கூடியவர்கள் போவார்கள். நாய்க்கு மேலே லைற் போட்டு இரவில் விட்டால் ஆலைத் தொழிலாளி வருவான். அந்த லைற் இருக்கிறதுதானே என்று வைற் சிற்றி அரங்கில் 1933-34இல் லண்டன் ஹைபீல்ட் என்ற றக்பி லீக் அணி புதன்கிழமை இரவுகளில் ஆடியது. புதன்கிழமை! மகனுடைய நாள்.

பேஸ்போலுக்கு லண்டனில் லைற் அவ்வளவு அவசியமில்லை, அது கோடைகால ஆட்டம். ஜூன் மாதத்தில் இங்கே சூரியன் மறைய ஒன்பதே கால் ஆகும். வேலை முடிந்து வந்து ஒரு முழு ஆட்டம் ஆடி முடிக்கலாம். அதே லண்டனில் மார்கழியில் நாலு மணிக்கு முந்தியே இருள். யாழ்ப்பாணத்தில் அப்படியில்லை, வருடம் முழுக்க ஆறு மணியை ஒட்டியே பொழுதுபடும், அரை மணித்தியாலம் முன்னே பின்னே. ஆகவே இங்கே லைற் தேவைப்பட்டது மாரிகால ஆட்டத்துக்கு, உதைபந்துக்கு. அதைத்தான் தடுத்தார்கள். ஆர்சனலின் முகாமையாளர் ஹேர்பேட் சப்மன் லைற் வேண்டுமென்று நின்றார். இங்கிலாந்து உதைபந்துச் சங்கம் 1930இல் தன் அணிகள் லைற்றில் ஆடக்கூடாது என்று தடை போட்டது. சப்மன் 1934இல் இறந்துபோனார். தடை 1950 வரை இருந்தது. நாய் ஓடலாம், மனிதர் ஓடக்கூடாது. முதல் லீக் ஆட்டம் லைற்றில் நடந்தது 1956 பெப்ரவரி 22, போட்ஸ்மத்தும் நியூகாசிலும். பியூஸ் எரிந்து அரை மணித்தியாலம் பிந்தித் தொடங்கியது. ஊரில் கலியாண வீட்டில் சவுண்ட் சேர்விஸ்காரர் பியூஸ் கட்டும்வரை ஐயர் பார்த்துக்கொண்டு இருந்த ஞாபகம் வந்தது.

அதே 1956இல் மிச்சம் ஸ்ரேடியத்தைக் கலைத்துவிட்டிருந்தார்கள். அதன் பார்வையாளர் மேடையை லேற்றன் ஓரியன்ற் உதைபந்துக் கழகம் விலைக்கு வாங்கிக் கிழக்கு லண்டனுக்குக் கொண்டுபோய்த் தங்கள் மைதானத்தில் நிறுத்தியது. லேற்றன் பக்கம் இருக்கும் தமிழாட்கள் போனால் கிழக்கு மேடையைப் பாருங்கள், அது எங்கட மிச்சத்தின் மிச்சம். சாண்டி லேனில் இப்போது வீடுகள்தான். ஒரு திங்கட்கிழமை போய் நடந்து பார்த்தேன். பேஸ்போல் ஆடிய இடத்தில் ஒரு கிழவி குப்பைத்தொட்டி தள்ளிக்கொண்டிருந்தா.

இவ்வளவு வாசித்தபிறகும் அண்ணரின் கடுதாசி அப்படியே தொங்கியது. மனுசி கேட்டா, "வைக்கிறதெண்டால் வையுங்கோ, இல்லாட்டித் திருப்பிக் குடுங்கோ. அந்த மனுசன் என்னைக் காணேக்க எல்லாம் கேக்குது."

அவருடைய பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. சிக்காகோவின் றிக்லி மைதானத்துச் சனமும் இதைத்தான் கேட்டது. 1941இல் அந்தக் கழகம் விளக்குக்கான இரும்பெல்லாம் வாங்கி வைத்திருந்தது. டிசெம்பரில் பேர்ள் ஹாபர் தாக்குதல் நடக்க, இரும்பை யுத்தத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பிறகு நாற்பது வருடத்துக்குமேல் இரவு ஆட்டமில்லை. 1980களில் திரும்பத் தொடங்கியபோது சுற்றியிருந்த வீட்டுக்காரர் சங்கம் அமைத்து எதிர்த்தார்கள். வீதியெல்லாம் கார், குடிகாரர், வெளிச்சம் என்று அவர்களுக்குப் பயம். இரவு ஆட்டத்தைத் தடுக்கச் சட்டம்கூட வந்தது. கடைசியில் 1988 ஓகஸ்ற் 8 அன்று லைற் போட்டார்கள். அன்றைக்குப் பார்த்து மழை வந்து ஆட்டத்தை நிறுத்திவிட்டது. எதிர்த்தவர்கள் அந்த இரவு நல்லாகச் சிரித்திருப்பார்கள்.

எனக்கும் வெளிச்சத்தோடு ஒரு கணக்கு இருக்கிறது. 1993 அளவில், பலாலிப் பக்கமிருந்து இரவில் பரா லைற் அடிப்பார்கள். குடையில் கட்டின வெளிச்சக்குண்டு வானத்தில் தொங்கி மெல்ல மெல்ல இறங்கும். கறண்ட் இல்லாத ஊரில் அது ஒன்றுதான் பெரிய வெளிச்சம். ஒழுங்கை, வேலி, கிணற்றுக்கட்டு, பனை எல்லாம் பகல்போலத் தெரியும். ஆனால் நிழல்கள் மட்டும் நகரும், விளக்கு இறங்க இறங்க நிழல் நீளும். ஒரு இரவு நாங்கள் மூன்று நாலு பெடியங்கள் ஒழுங்கையில் நின்றோம். வெளிச்சம் வந்தது. ஒருத்தன் "டேய், ஒரு ஓவர் போடலாம்" என்று சொல்லி, கையில் இருந்த ரெனிஸ் பந்தை எறிந்தே விட்டான். நான் தடியால் அடித்தேன். பந்து எங்கே போனது என்று பார்க்கமுதல் அம்மா ஓடிவந்து என்னைப் பிடித்து மண்ணில் அமத்தினா. "படு! படு!" வெளிச்சம் அணைந்தபிறகு ஷெல் குத்தும் சத்தம் கேட்டது. எங்கள் பக்கம் விழவில்லை. பந்து விடிய வேலிக்குள் கிடந்தது. அம்மாவுக்குக் கடைசிவரை இரவில் வெளியே வெளிச்சம் எரிந்தால் பிடிக்காது. எங்கள் வீட்டுக்கு வெளியே தெருவிளக்கு எரிகிறது என்று ரெலிபோனில் சொன்னபோதும் "திரை கட்டி வை" என்றுதான் சொன்னா.

ஆகவே 'வெளிச்சம் என்றால் நல்லது' என்று நான் சும்மா சொல்லமாட்டேன். யாருக்காக, எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் பார்த்து என்று கேட்கவேண்டும். அதற்குத்தான் பாதிப் பௌதிகவியல் உதவியது.

அண்ணருக்குப் பெரிய கோபம் கம்பத்தின் உயரத்தில். 15 மீற்றர், வீட்டுக்குள்ளே அடிக்கும் என்கிறார். விசயம் நேர் எதிர். கம்பம் பதிவாக இருந்தால் மைதானத்தின் நடுப்பகுதிக்கு வெளிச்சம் எட்டுவதற்காக விளக்கைக் கிட்டத்தட்டப் படுக்கையாகச் சரிக்கவேண்டும். படுக்கையாகச் சரித்த விளக்கு எதிர்ப்பக்க வீட்டு யன்னலுக்குள்தான் பார்க்கும். கம்பம் உயர்ந்தால் விளக்கைக் கீழ்நோக்கித் திருப்பலாம். உயரம் இரட்டித்தால் நேர்கீழே விழும் வெளிச்சம் நாலிலொன்றாகும், ஆகவே சக்தி கூடத் தேவை. ஆனால் கண்ணில் குத்தாது. பேஸ்போல் அரங்குகளில் கம்பங்கள் பனையைவிட உயரமாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது அந்தப் பள்ளிக்கூடத்தில் இருப்பது பழைய மெற்றல் ஹேலைட் விளக்கு. அது வாயுவுக்குள் மின்வில் எரியும் விளக்கு, 1878 ஷெஃபீல்ட் விளக்கின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். போட்டால் முழு வெளிச்சம் வரச் சில நிமிடம் செல்லும். அணைந்தால் ஆறிய பிறகுதான் திரும்ப எரியும், பத்து நிமிடம், சிலவேளை அதற்கும் மேலே. 2013 பெப்ரவரியில் நியூ ஓர்லியன்சில் அமெரிக்கர்களின் பெரிய உதைபந்து இறுதியாட்டத்தில் பாதி அரங்கின் கறண்ட் நின்று, ஆட்டம் 34 நிமிடம் தடைப்பட்டது. விளக்கு திரும்பச் சூடேறும்வரை உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு வருடத்தில் அந்த இறுதியாட்டம் எல்.ஈ.டி வெளிச்சத்துக்கு மாறிவிட்டது. எல்.ஈ.டி உடனே எரியும், உடனே அணையும், வேண்டிய பக்கம் மட்டும் பார்க்க வைக்கலாம், கறண்டும் குறைவு. குறை என்னவென்றால் சிலது நீலம் கலந்த வெள்ளை. அது கண்ணுக்கும் நித்திரைக்கும் வௌவாலுக்கும் கூடாது. மஞ்சள் கலந்ததைப் போடச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால்தான் போடுவார்கள்.

கிரிக்கெற் ரசிகர்களுக்கு ஒன்று. 2003 ஜூனில் இங்கிலாந்தில் 20 ஓவர் ஆட்டம் தொடங்கியபோது பின்னேரம் ஐந்தரைக்கு வைத்தார்கள். வேலை முடிந்து ஆட்கள் வரவேண்டும் என்பதற்காக. மொனார்க்ஸ் லொறியில் கம்பம் ஏற்றிய அதே காரணம். நூறு வருடத்துக்கு மேலாக இந்த விளக்குகளெல்லாம் பகலில் வேலை செய்பவனுக்காகத்தான் எரிகின்றன. அவன் விளையாட்டுப் பார்த்துவிட்டுப் பசியோடு வருவான். அவனுக்குச் சாப்பாடு போட ஒருவன் குசினியில் நிற்கவேண்டும். எந்தக் கம்பத்தின் வெளிச்சமும் அந்த ஒருவனுக்கு எட்டாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, பதினெட்டு வருடம் அந்தக் குசினிகளால்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆனால் குறைதான்.

கடைசியில் நான் கையெழுத்து வைக்கவில்லை. கவுன்சிலுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினேன். கம்பத்தின் உயரத்தைக் குறைக்கவேண்டாம், விளக்குக்கு மறைப்புப் போடுங்கள், மஞ்சள் கலந்த வெள்ளை போடுங்கள், பத்து மணி வேண்டாம், ஒன்பதரைக்கு அணையுங்கள் என்று நாலு விசயம். அண்ணரிடம் போய் கடுதாசியை வெறுமனே திருப்பிக் கொடுத்து, கம்பத்தின் கோணத்தைப் பேனையால் கீறியும் காட்டினேன். அவர் கன நேரம் பார்த்தார்.

"உயரக் கம்பம் எண்டால் யன்னலுக்கை அடியாதோ?"

"அடிக்காது அண்ணை. பதிஞ்சதுதான் அடிக்கும்."

"நீர் படிப்பை முடிச்சிருக்கலாம்" என்றார். பிறகு, "ஒன்பதரை எண்டு எழுதினீரோ? ஒன்பது எண்டு எழுதியிருக்கலாம்" என்றும் சொன்னார்.

கவுன்சிலிடமிருந்து இன்னும் முடிவு வரவில்லை. போன புதன்கிழமை, கூட வேலை செய்யும் தம்பி ஒருவரிடம் என் திங்கள் லீவைக் கொடுத்துப் புதனை வாங்கினேன். ஏழு மணிக்குப் போய்க் கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். நல்ல குளிர், தூறல். பழைய லைற்றில் ஒன்று எரியவில்லை, இன்னொன்று கண்சிமிட்டியது. மைதானத்தின் ஒரு மூலை இருட்டு. மகன் அந்த இருட்டு மூலையில்தான் அதிகம் நின்றான், இடதுபக்கக் காப்பாளர். பந்து அங்கே போகும்போதெல்லாம் எனக்கு அவனுடைய சப்பாத்தின் வெள்ளை மட்டும் தெரிந்தது. எட்டரைக்கு முடிந்தது. அணைத்தபிறகும் விளக்குகள் கொஞ்ச நேரம் சிவப்பாகக் கணகணவென்று இருந்து ஆறின. அவன் பையைத் தூக்கிக்கொண்டு வேலிக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் என்னைக் கண்டான்.

"அப்பா? இண்டைக்கு வேலை இல்லையா?"

"இல்லை."

"அந்த முதல் பந்து நான் வெட்டினது தெரிஞ்சுதா?"

அது இருட்டு மூலையில் நடந்தது. தெரிந்தது என்று சொன்னேன்.